போர்டில் 'குண்டு' என்று எழுதினால் பிள்ளைகள் பள்ளம் என்கிறார்கள். ஃபோர்க் பாமுக்கு என்ன சொல்வது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம் என்று வளர்கிற பிள்ளைகள். போன வாரம் லினக்ஸ் பாடத்தில் ஃபோர்க் பாம் வந்தது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போய் கம்ப்யூட்டரை முடக்குகிற ப்ரோகிராம், நான் 'கிளைக் குண்டு' என்று போர்டில் எழுதினேன். உடனே ஒரு பையன் "கம்ப்யூட்டர் விழுற குழியா டீச்சர்?" என்று கேட்டான், இங்கே குண்டு என்றால் பள்ளமும்தான். இன்னொருத்தி சிரித்துவிட்டாள், மலையாளத்தில் குண்டு அடிப்பது என்றால் புளுகுவது. நெம்மாறை வேலா திருவிழாவுக்குப் போய் வந்த பையனுக்கோ அது காது அடைக்கிற வாணவெடி. அவர்கள் வாயில் வேறு வேறு ஒலி, தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே எழுத்து. எதுவுமே வெடிக்காதபோது அதற்கு ஏன் பாம் என்று பெயர் வைத்தார்கள்? எப்படிச் சொன்னால் புரியும்?

நகரிக்காரன்:
டீச்சர், எங்கள் பக்கம் வந்திருந்தால் மொட்டைத் தலை என்று சொல்லியிருப்பார்கள். தெலுங்கில் குண்டு அதுதான், திருப்பதி போய் வந்தவரைப் பார்த்தாலே அந்த வார்த்தைதான் வாயில் வரும். குண்டு மல்லி, குண்டு பல்பு, குண்டூசி எல்லாம் உருண்டையை வைத்து வந்த பெயர், பீரங்கிக்குப் போட்ட உருண்டையும் அப்படித்தான். உங்கள் பையன் சொன்னதும் தப்பில்லை. பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம், 'குண்டும் குழியும்' என்று நாம் ரோட்டைத் திட்டுவதில் அது இன்னும் இருக்கிறது. அவனைத் திருத்திவிடாதீர்கள்.

கஞ்சிக்கோடு நைட் ஷிஃப்ட்:
ஏன் பாம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். லினக்ஸில் கட்டளை அடிக்கிற பாஷில் இதை ஒரு எழுத்துகூட இல்லாமல் வெறும் குறிகளாகவே எழுதிவிடலாம். முன்பு வேலை பார்த்த இடத்தில், டெஸ்ட் மெஷின்தானே என்று ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோகிராம், இரண்டாகும், இரண்டு நான்காகும், பத்தாவது சுற்றில் 1,024. பழைய லினக்ஸில் ப்ராசஸ் எண்ணுக்கு வழக்கமான உச்சம் 32,768, பதினைந்தே சுற்றில் அங்கே போய்விடும். நிறுத்தலாம் என்று கட்டளை அடித்தால் அதை ஓட்டவும் ஒரு ப்ராசஸ் வேண்டுமே, இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கடைசியில் பவர் பட்டனைத்தான் அழுத்தினேன், அது டெஸ்ட் மெஷின் இல்லை என்று காலையில் தெரிந்தது. பிள்ளைகளுக்கு முதலில் யூலிமிட் என்ற கட்டளையைப் போட்டு, ஒரு ஆளுக்கு இத்தனை ப்ராசஸ்தான் என்று கட்டிவிட்டு அப்புறம் காட்டுங்கள்.

ஜிப் பாமும் இதே ஜாதிதான். சுருக்கி வைத்த 42 கிலோபைட் ஃபைல் ஒன்று, உள்ளே உள்ளே பிரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி ஆகும். இவை வீங்குகிறவை, வெடிக்கிறவை இல்லை. வெடிகுண்டு என்ற பெயர் லாஜிக் பாமுக்குத்தான் பொருந்தும், அது ப்ரோகிராமுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு தேதிக்கோ யாரோ ஒருவர் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லாமல் போவதற்கோ காத்திருந்து வெடிக்கும்.

நகரிக்காரன்:
அப்படியென்றால் ரத்தபீஜன் கதையைச் சொல்லுங்கள் டீச்சர். ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் இன்னொரு அசுரன்.

கஞ்சிக்கோடு நைட் ஷிஃப்ட்:
அச்சு அசல் அதேதான்! ஒரு ப்ராசஸைக் கொன்றால் அந்தக் காலி இடத்தில் இன்னொன்று முளைக்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் அப்படியே உறைய வைக்க வேண்டும், அப்புறம்தான் கொல்ல வேண்டும். காளி நாக்கை நீட்டி, சொட்டு கீழே விழாமல் பிடித்தாளே, அந்த வேலை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
சரி, போர்டில் ஃபோர்க் பாம் என்றே எழுதிவிடுகிறேன். கதையை அந்தச் சிரித்த பெண்ணே சொல்லட்டும், அவள் பாட்டி பகவதி கோயிலில் விளக்கு வைக்கிறவர். யூலிமிட்டை இன்றைக்கு ராத்திரியே போட்டுப் பார்க்கிறேன்.