நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஆளே மாறிப் பேசினால்: உங்கள் அனுபவம்?

வைகைக்கரை:
என் மாமியாருக்கு 74 வயது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். ஒரு நாள் விடியற்காலை பார்த்தால், சுவரில் எறும்பு ஊருது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கிறார், என்னைப் பார்த்து "நீ எப்ப வந்தே பெரியக்கா?" என்கிறார். கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார், அப்புறம் பேச்சு நடுவிலேயே கண் சொருகும். பக்கத்து வீட்டில் காத்து கருப்பு என்றார்கள். நாத்தனார் போனில், "வயசாச்சுல்ல அண்ணி, மறதி வந்திருச்சு" என்றாள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் பெரும்பாலும் அப்படி ஒரே ராத்திரியில் வந்து உட்காராது, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வரும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோடியம் 116. குறைந்தது 135 இருக்க வேண்டும். பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்த, சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையால் உடம்பில் உப்பு இறங்கிவிட்டது, சாப்பாடும் சரியில்லை. மாத்திரையை நிறுத்தி, உப்பை மெதுவாகத்தான் ஏற்றினார்கள், வேகமாக ஏற்றினால் மூளையே பாதிக்குமாம்.

எலும்பு வார்டு நர்ஸ்:
சகோதரி சொல்வதுதான் டெலிரியம், அதாவது உடம்பில் ஏதோ கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். கத்தி, டிரிப்ஸைப் பிடுங்குகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், எனக்குக் கவலை சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே கிடப்பவர்கள் மேல்தான். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த தாத்தாவைப் பார்த்து வீட்டு ஆட்கள் "நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்" என்பார்கள். நான் எழுப்பி, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வேன். டிமென்ஷியா ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள்கூடப் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், டெலிரியத்தில் இருப்பவருக்கு ஞாயிறு, சனிக்கு மேல் கவனம் நிற்காது. உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். சிறுநீர் அடைத்திருக்கும், நெஞ்சில் சளி கட்டியிருக்கும், சில சமயம் தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ காரணமாக இருக்கும். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் தொலைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. கண்ணும் காதும் சரியாக இல்லாவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

தஞ்சை மகன்:
எங்கள் அம்மாவுக்கு டிமென்ஷியா வந்து சில வருஷம் ஆகிறது. இருந்தாலும் என்னை அடையாளம் தெரியும், தானே எடுத்துச் சாப்பிடுவார். திடீரென்று ஒருநாள் தட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நோய் முத்திப்போச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று டாக்டர் கண்டுபிடித்தார், ஜுரம்கூட இல்லை. ஏற்கெனவே மறதி இருப்பவர்களுக்குத்தான் டெலிரியம் சீக்கிரம் வருமாம். ஆன்டிபயாட்டிக் முடிந்தும் பழைய நிலைக்கு வரப் பல வாரம் பிடித்தது. வைகைக்கரை அக்கா, உங்கள் மாமியார் இப்போது எப்படி இருக்கிறார்?

வைகைக்கரை:
பகலில் சரியாக இருக்கிறார் தம்பி. சாயங்காலம் ஆனால் இன்னும் லேசாகத் தடுமாறுகிறார், அடுத்த வாரம் மறுபடி சோடியம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.