மூணாம் மாசம் வரைக்கும் கருவுக்கு மூளை இல்லையாம்!

பெரம்பூர் கலா:
ஃபேமிலி குரூப்புல ஒரு வீடியோ சுத்துது. "மூணு மாசம் வரை கருவுக்கு மூளையே கிடையாது, அதுவரை ஒரு மாத்திரையும் வேண்டாம்"னு ஒருத்தர் அடிச்சு விடறார். லேபர் வார்டுல வேலை பார்க்கிற எனக்குப் பத்திக்கிட்டு வருது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போற நரம்புக் குழாய் 28 நாள்ல மூடிடும்!

மடிப்பாக்கம் சரவணன்:
வீடியோ தப்புதான் மேடம், அதுக்காக நீங்களும் அடிச்சு விடாதீங்க. 28 நாள் இல்ல, 6 வாரம். என் வைஃப்போட டாக்டர் சொன்னது.

பெரம்பூர் கலா:
28 நாள். முதுகுப் பக்கம் செல்கள் தகடு மாதிரி தடிச்சு, நடுவுல பள்ளம் விழும். ரெண்டு ஓரமும் எழும்பி வந்து ஒட்டிக்கும். முதல்ல கழுத்துப் பக்கம் ஒட்டி, அங்கேர்ந்து மேலயும் கீழயும் மூடிட்டே போகும். தலைப்பக்கம் 25ஆவது நாள் வாக்குல, கீழ்ப்பக்கம் 28 வாக்குல முடியும். மேல மூடலைன்னா மூளையும் மண்டையோடும் உருவாகாது. கீழ மூடலைன்னா முதுகுத்தண்டுல பிளவு. அந்தக் குழந்தையைக் கையில வாங்கிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.

மடிப்பாக்கம் சரவணன்:
எவ்ளோ நீளமா எழுதினாலும் 6 வாரம் 6 வாரம்தான்.

அசோக் நகர் வித்யா:
ரெண்டு பேரும் எந்த நாள்லேர்ந்து எண்றீங்க? கரு தரிச்ச நாளா, கடைசியா தலைக்குக் குளிச்ச நாளா? குளிச்ச நாள்லேர்ந்து எண்ணினா 2 வாரம் கூடுமே, அப்ப 28 நாளும் 6 வாரமும் ஒண்ணுதானே.

மடிப்பாக்கம் சரவணன்:
வித்யா, பப்பாளி சண்டையிலயும் நீங்க அவங்க பக்கம்தான். தெரியும்.

விலங்கியல் வாத்தியார் (ஓய்வு):
அடிப்படை தெரியாம சண்டை போடறீங்க. எந்தச் செல் நரம்பா மாறணும்னு யார் சொல்றா? 1924ல ஜெர்மன் விஞ்ஞானிகள் ஸ்பீமனும் ஹில்டே மான்கோல்டும் ஒரு கருவோட சின்னத் துண்டை வெட்டி இன்னொரு கருவுல ஒட்டினாங்க. அந்தத் துண்டு சொல்லி, அங்க இரண்டாவதா ஒரு நரம்புக் குழாயே முளைச்சுது. 1935ல நோபல்.

பெரம்பூர் கலா:
சார், தவளைக் கதை இப்ப எதுக்கு?

விலங்கியல் வாத்தியார் (ஓய்வு):
தவளை இல்லம்மா, நியூட்! வால் உள்ள பிராணி. இதுகூடத் தெரியாம ஊசி போடறீங்களா?

அசோக் நகர் வித்யா:
நோபல் ஸ்பீமனுக்கு மட்டும்தான் சார். கையால வேலை செஞ்ச ஹில்டே 1924லயே தீ விபத்துல இறந்துட்டாங்க. அதையும் சொல்லுங்க.

விலங்கியல் வாத்தியார் (ஓய்வு):
நான் எத்தனையோ பேட்ச் பசங்களுக்குப் பாடம் எடுத்தவன். எனக்கே பாடமா?

பெரம்பூர் கலா:
விஷயத்துக்கு வாங்க. நாள் தள்ளிப்போய், கார்டு வாங்கி டெஸ்ட் பண்ணி, டாக்டர்கிட்ட டோக்கன் போடறதுக்குள்ள அந்த 28 நாள் முடிஞ்சே போயிடும். அதனாலதான் கல்யாணமாகி குழந்தைக்குப் பார்க்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், அந்தக் குழாய் சரியா மூட உதவுற பி வைட்டமின். 1991ல பிரிட்டன்காரங்க நடத்தின ஆய்வுல, ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்தவங்களுக்கு இதே மாத்திரையை இன்னும் அதிக டோஸ்ல கொடுத்ததுல, மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சுது.

மடிப்பாக்கம் சரவணன்:
எங்க பாட்டி முருங்கைக்கீரை சாப்பிட்டே எட்டு பெத்தாங்க.

பெரம்பூர் கலா:
கீரையை வேகவெச்சு தண்ணியைக் கொட்டினா அதுல இருக்கிற அதே வைட்டமின், ஃபோலேட்டும் அதோட போயிடும். கீரையும் சாப்பிடுங்க, மாத்திரையும் போடுங்க. உங்க பாட்டி காலத்துல இறந்து பிறந்த குழந்தைகளை யார் எண்ணினா?

மடிப்பாக்கம் சரவணன்:
பாட்டியை இழுக்காதீங்க. மரியாதையா பேசுங்க.

பெரம்பூர் கலா:
இழுத்தது நீங்க. மூடறது 28 நாள்.

மடிப்பாக்கம் சரவணன்:
6 வாரம். டாக்டர் பெருசா, நர்ஸ் பெருசா?

பெரம்பூர் கலா:
ராத்திரி பிரசவ வலியில நீங்க கூட்டிட்டு வரும்போது முதல்ல ஓடி வர்றது யாருன்னு உங்க வைஃப்கிட்ட கேளுங்க. அந்த வீடியோவை எத்தனை பொண்ணுங்க பார்த்து மாத்திரையை நிறுத்தினாங்களோ, எனக்கு அந்தக் கவலை. குரூப்புல போய்ச் சொல்லுங்க, 28 நாள்னு.

விலங்கியல் வாத்தியார் (ஓய்வு):
நியூட்டைத் தவளைன்னதுக்கு இன்னும் பதில் வரல.