சொந்த ஆபீஸ் கார் பார்க்கிலேயே 100 பவுண்ட் பில்: கட்டுவதா, எதிர்ப்பதா?

ரெடிங் தம்பி (ஜூன் 19)
இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் ஒரு பிசினஸ் பார்க்கில் வேலை. பல கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரே கார் பார்க், வாசலில் நம்பர் பிளேட் படிக்கும் கேமரா. ஊழியர் வண்டி நம்பர்கள் ஒரு பட்டியலில் இருக்கும். மே கடைசியில் பழைய காரை விற்றுவிட்டு வேறு வாங்கினேன். அன்றே ஹெச்.ஆருக்குப் புது நம்பரை மெயில் செய்தேன், "அப்டேட் செய்துவிடுகிறோம்" என்று பதிலும் வந்தது. ஆனால் பட்டியலில் ஏற்றவில்லை போல. ஜூன் 3, செவ்வாய்க்கிழமை நிறுத்தியதற்கு இன்று பார்க்கிங் கம்பெனியின் கடிதம் வந்திருக்கிறது. 100 பவுண்ட், 14 நாளில் கட்டினால் 60. கடிதத்தின் தேதி ஜூன் 16. கார் கண்ணாடியில் டிக்கெட் எதுவும் ஒட்டவில்லை. கார் என் பெயரில்தான் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை
60-ஐக் கட்டிவிட்டு ஹெச்.ஆரிடம் திருப்பிக் கேளுங்கள். "தனியார் டிக்கெட்டைக் குப்பையில் போடு" என்ற காலம் மலையேறிவிட்டது. 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ என்ற பார்க்கிங் கம்பெனிக்கும் பீவிஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர இலவச பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்ட், அது செல்லும் என்றார்கள். நாளைக்கு சி.சி.ஜே. (பணத்தைக் கட்டச் சொல்லும் கவுண்டி கோர்ட் தீர்ப்பு) விழுந்தால் 6 வருடம் கிரெடிட் ரெக்கார்டில் கிடக்கும். மார்ட்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு 60 பவுண்ட் பெரிதா?

லூட்டன் அக்கா
பீவிஸ் வழக்கை எடுத்ததற்கெல்லாம் நீட்டாதீர்கள். அது கடைவீதி. ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்த வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும், அந்தச் சுழற்சியில் நியாயமான அக்கறை இருக்கிறது என்பதால்தான் கோர்ட் ஒத்துக்கொண்டது. ஊழியருக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஊழியர் நிறுத்தினால் யாருக்கு என்ன குறை? பட்டியலில் ஏற்றாதது தம்பியா, ஹெச்.ஆரா?

சி.சி.ஜே. பூச்சாண்டியும் வேண்டாம். அப்பீல் செய்வதால் மட்டும் அது விழுந்துவிடாது. கோர்ட்டில் தோற்று, ஒரு மாதத்துக்குள் கட்டாமல் விட்டால்தான் ரெக்கார்டில் நிற்கும். ஆனால் கடிதத்தைத் திறக்காமல் டிராயரில் போடுவது மட்டும் கூடாது, அதில் கணக்குப்பிள்ளையோடு எனக்குச் சண்டை இல்லை.

கணக்குப்பிள்ளை
அக்கா, கார்டிஃப் மருத்துவமனை ஊழியர்களும் "நாங்கள் இங்கேதானே வேலை பார்க்கிறோம்" என்றுதான் கட்டாமல் இருந்தார்கள். 2017-இல் கோர்ட்டில் தோற்றார்கள். ஊழியர் என்பது தனி உரிமை இல்லை.

லூட்டன் அக்கா
அவர்கள் கதை வேறு. அங்கே பர்மிட் கிடைக்காமலும் இடம் கிடைக்காமலும் நிறுத்தியவர்கள் நிறைய. தம்பிக்கு அனுமதி இருக்கிறது, கையில் மெயில் ஆதாரமும் இருக்கிறது.

தம்பி, தேதியைக் கவனித்தீர்களா? 2012 சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் (Protection of Freedoms Act) நான்காம் அட்டவணைப்படி, கண்ணாடியில் ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்கு 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நிறுத்தியதற்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 4 முதல் எண்ணினால் 17-ஆம் தேதி கடைசி. 16 திங்களன்று தபாலில் போட்டிருந்தாலும் இரண்டாவது வேலை நாளான 18-இல் கிடைத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் தாமதம்! அப்படியென்றால் வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் உங்களிடம் வசூலிக்க முடியாது, ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும். ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. அப்பீலில் "நான் நிறுத்தினேன்" என்ற வார்த்தையே வரக்கூடாது.

கணக்குப்பிள்ளை
இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சூப்பர்மார்க்கெட் என்றால் மனைவி ஓட்டினாளா மகன் ஓட்டினானா என்று யாருக்குத் தெரியும்? இது ஆபீஸ். அன்று காலை கார்டு தட்டி உள்ளே போனது யார்? ஒரு பக்கம் "நான் ஊழியர், எனக்கு அனுமதி உண்டு" என்று எழுதி, மறுபக்கம் "ஓட்டியது யாரோ" என்றால் படிக்கிறவர் சிரிக்கமாட்டாரா?

லூட்டன் அக்கா
சிரித்தால் சிரிக்கட்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஓட்டினார் என்று அப்படியே ஊகிக்க முடியாது என்று 2023-இல் வி.சி.எஸ். என்ற பார்க்கிங் கம்பெனி எதிர் எட்வர்ட் வழக்கில் அப்பீல் நீதிபதி சொல்லியிருக்கிறார்.

பழைய செக்யூரிட்டி
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். இப்படி ஒரு சைட்டில் நாலைந்து வருடம் கேட்டில் இருந்தவன் நான்.

அந்த வழக்கில் வேறு ஆதாரம் இல்லாததால் ஊகிக்க முடியாது என்றார்கள். இங்கே ரோட்டா (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல்) இருக்கிறது, கார்டு பதிவு இருக்கிறது. பார்க்கிங் கம்பெனி கேட்டதும் ஹெச்.ஆர். தூக்கிக் கொடுத்துவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் கோர்ட் வரை போய் நீதிபதி முகத்துக்கு நேரே "நீங்கள்தானே ஓட்டினீர்கள்" என்று கேட்டால் பொய் சொல்ல முடியாது. ஆகவே தேதி வாதம் அப்பீலுக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

பட்டியல் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஹெச்.ஆர். ஒரு எக்ஸெல் ஷீட்டை கட்டட மேனேஜருக்கு அனுப்பும். அவர் நேரம் கிடைக்கும்போது பார்க்கிங் கம்பெனியின் வெப்சைட்டில் ஏற்றுவார். எங்கள் சைட்டில் வெள்ளிக்கிழமை மதியம்தான் அந்த வேலை நடக்கும். அவர் லீவு என்றால் அடுத்த வெள்ளி. பூஜ்யத்துக்குப் பதில் ஓ தட்டி, கதறிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பில்லை ரத்து செய்யச் சொல்ல அதே மேனேஜரால் முடியும். அவர் மெயில் ஒன்று போட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கடன் வசூல் கம்பெனிக்குப் போய் 70 பவுண்ட் ஏறிய பிறகு போய்ச் சொன்னால் "எங்கள் கையில் இல்லை" என்பார்கள்.

கணக்குப்பிள்ளை
அதுதான் நானும் சொல்வது, ஆபீஸ் வழியாகப் போங்கள் என்று. நான் கட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தம்பி புரொபேஷனில் இருந்தால்? ஹெச்.ஆரின் தப்பை எழுத்தில் சுட்டிக்காட்டிச் சண்டை போடுவது 60 பவுண்டுக்குத் தகுமா?

லூட்டன் அக்கா
சண்டை எதற்கு? "அன்று அனுப்பிய மெயில் இது, கொஞ்சம் மேனேஜரிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதுமே. நீங்கள் சொல்கிறபடி கட்டிவிட்டால் அப்பீல் கதவு மூடிவிடும், அப்புறம் ஹெச்.ஆர். தன் பாக்கெட்டிலிருந்தா கொடுக்கும்? இன்னொன்று, கம்பெனி தானே கட்டிவிட்டு சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னால், எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் பிடிக்க முடியாது. 1996 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு.

ரெடிங் தம்பி
புரொபேஷன் முடிந்துவிட்டது அண்ணா. போர்டைப் போய்ப் பார்த்தேன். "பதிவு செய்த அனுமதி வண்டிகள் மட்டும். மற்றவை நிறுத்தக்கூடாது" என்று இருக்கிறது. 100 பவுண்ட் என்பது கீழே பொடி எழுத்தில்.

லூட்டன் அக்கா
"நிறுத்தக்கூடாது" என்ற போர்டு யாருக்கும் இடம் தர முன்வரவில்லை. தராத இடத்துக்கு ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? அத்துமீறல் என்றால் நில உரிமையாளர்தான் வழக்குப் போட முடியும். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை
முதலில் "அனுமதி உண்டு", இப்போது "அனுமதியே இல்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை". எது அக்கா?

லூட்டன் அக்கா
முதல் வாதம் நிற்காவிட்டால் இரண்டாவது. வக்கீல்கள் தினமும் செய்வதுதான்.

பழைய செக்யூரிட்டி
நான் தம்பி இடத்தில் இருந்தால் அனுமதியைத்தான் முதலில் வைப்பேன். வேலை ஒப்பந்தத்திலோ ஊழியர் கையேட்டிலோ பார்க்கிங் பற்றி ஒரு வரி இருந்தால் அதை இணையுங்கள். 28 நாளுக்குள் பார்க்கிங் கம்பெனிக்கு அப்பீல். அவர்கள் மறுத்தால், பி.பி.ஏ. (பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கம்) உறுப்பினர் என்றால் பாப்லா என்ற தனி அப்பீல் அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். பாப்லா தீர்ப்பு கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை இல்லை.

அப்புறம் யாரும் கேட்காத ஒன்று. ஜூன் 3-க்குப் பிறகும் அதே காரில்தானே வேலைக்குப் போனீர்கள்? நம்பர் பட்டியலில் ஏறியது என்றைக்கு? கேமராவுக்கு ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு.

ரெடிங் தம்பி (ஜூன் 21)
வாய் வைத்தீர்கள் அண்ணா. இன்று இரண்டாவது கடிதம். ஜூன் 12 நிறுத்தியதற்கு, தேதி ஜூன் 19. நம்பரை நேற்று மதியம்தான் ஏற்றினார்களாம். நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
இது 14 நாளுக்குள் வந்துவிட்டது. அக்காவின் தேதிக் கணக்கு இதற்குச் செல்லாது. சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன், இனி 60, 60 என்று கட்டிக்கொண்டிருக்க முடியாது.

லூட்டன் அக்கா
முதல் கடிதத்துக்குத் தேதியும் அனுமதியும், இரண்டாவதற்கு அனுமதியும் போர்டும். இரண்டையும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.

பழைய செக்யூரிட்டி
அதற்கு முன்னால் திங்கள் காலை மேனேஜரை நேரில் பாருங்கள். ஹெச்.ஆர். மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் போங்கள். "ஜூன் முதல் தேதியிலிருந்து 20 வரை இந்த நம்பருக்கு வந்தது, வரப்போவது எல்லாவற்றையும் ரத்து செய்யவும்" என்று அவர் கையாலேயே மெயில் அனுப்ப வைத்து, உங்களுக்கும் காப்பி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு தடவை போய் நின்றால் மூன்றாவது தடவை அவரே ஒளிந்துகொள்வார்.