மறு: பயோலொஜிக்கல் மோஷன் – வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச் சொல்

கிளிநொச்சி, முன்பள்ளிப் பயிற்றுநர்:
வெள்ளி பின்னேரம் கையேடு போட்டோக்கொப்பிக்குப் போக வேண்டும். மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி வைத்து மற்றதை இருட்டாக்கினாலும், 10, 12 புள்ளிகளின் அசைவிலேயே ஆள் நடப்பது தெரியும் என்று 1973இல் உளவியலாளர் யொஹான்சன் காட்டினார். 2008இல் இத்தாலியில், பிறந்து 2 நாளான குழந்தைகளுக்கு நடக்கிற கோழியைப் புள்ளிகளாகக் காட்டினார்கள். தாறுமாறாக அசைந்த புள்ளிகளை விடக் கோழியையே அவை கூடுதல் நேரம் பார்த்தன. பயோலொஜிக்கல் மோஷன் என்கிற, உயிருள்ளவற்றின் இந்த அசைவைக் கையேட்டில் 'உயிரியக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மாங்குளம்:
பிள்ளை, வன்னியில் இருந்துகொண்டு 'இயக்கம்' என்று எழுதினால் எந்த ரீச்சருக்குக் கோழி நினைவு வரும்? 'உயிரசைவு' போடுங்கோ.

நெடுங்கேணி, தமிழாசிரியர்:
உயிர் என்றால் அ முதல் ஔ வரை. அசை என்றால் நேர், நிரை. 'உயிரசைவு' என்றதும் என் மாணவர் யாப்பிலக்கணக் கொப்பியை எடுப்பார்கள். பழம்பாட்டில் இயலுதல் என்றால் நடத்தல். மயிலியல் என்றால் மயிலின் நடை. ஆகவே நியாயப்படி இதன் பெயர் 'உயிரியல்'. அதைத்தான் பள்ளிக்கூடப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே!

பரந்தன்:
ஐயா, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. எனக்குக் கையேட்டில் 'இன்ரறக்ஷன்' என்பதற்குப் போட்ட 'இடைத்தாக்கம்' என்ற சொல்தான் உறுத்துகிறது. உளவியலாளர்கள் ஹைடரும் சிம்மெலும் 1944இல் செய்த அசைபடத்தை அம்மம்மாவுக்குப் போனில் காட்டினேன். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். "பெரியவன் சின்னவனைக் கலைக்கிறான், பாவம்" என்றார். முக்கோணத்துக்கு ஆண்பால் விகுதி! ஒருவர் அசைய மற்றவர் அதற்கேற்ப அசைவதைப் பார்த்துத்தானே அப்படிச் சொன்னார்? தாக்கம் என்றால் அடிபாடு மாதிரி இருக்கிறது. 'ஊடாட்டம்' நல்லது.

மாங்குளம்:
ஊடாட்டம் தமிழ்நாட்டுச் சொல். ஆசிரியர் கலாசாலையில் படித்தவர்களுக்கு இடைத்தாக்கம்தான் பழக்கம். அப்புறம், 'கலைக்கிறான்' என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். சென்னையில் வாசிப்பவர் துரத்துகிறான் என்று எடுக்காமல், கூட்டத்தைக் கலைக்கிறான் என்று நினைப்பார்.

பரந்தன்:
கையேடு கிளிநொச்சிக்கு, அண்ணை. சென்னைக்கு இல்லை.

கிளிநொச்சி, முன்பள்ளிப் பயிற்றுநர்:
கடை பூட்டப் போகிறது. உயிரசைவு, இடைத்தாக்கம், கலைத்தல் என்று கொடுத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'உயிருள்ளவை அசைகிற விதம்' என்று விரித்து எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

நெடுங்கேணி, தமிழாசிரியர்:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. போட்டோக்கொப்பிக்கு 'நிழற்படி' என்ற சொல் இருப்பது ஒருவருக்கும் தெரியாதா?