பெத்தேல் 2020: யார் உள்ளூர், யார் வெளியாள்?

பொருநைக்கரையான்:
‘சின்சினாட்டி பக்கம் வீடு வாங்கலாமா’ இழையில் குறிஞ்சிவாணன் சந்தடி சாக்கில் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். 2020-இல் கொரோனா நேரத்தில் வெளியாட்கள் வந்து பெத்தேல் என்ற அமைதியான ஊரில் கலாட்டா பண்ணப் பார்த்தார்களாம், ஊர்க்காரர்கள் 800 பேர் திரண்டு வந்து ஊரைக் காப்பாற்றினார்களாம். வீட்டு விலை பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. லைக் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் தனி இழை.

நடந்தது இதுதான். மே 25 அன்று மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பரின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தி, அவர் உயிர் போனது. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. பெத்தேல், ஓஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டிக்குத் தென்கிழக்கே 30 மைல். மக்கள்தொகை சுமார் 2,800, அநேகமாக எல்லாரும் வெள்ளையர்கள். அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒருவர் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பர் உயிரும் உயிர்தான்) என்று பதாகை பிடித்து அமைதியாக நிற்கலாம் என்று கூப்பிட்டார். இருபத்தைந்து, மிஞ்சினால் ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் எண்பது, நூறு பேர் வந்துவிட்டார்கள். எதிரே வந்து நின்றவர்கள் 700 முதல் 800 பேர். மோட்டார் சைக்கிள் கும்பல்கள், துப்பாக்கி உரிமைக்காரர்கள், போலீஸ் ஆதரவுக் கூட்டம். சிலர் கையில் பேஸ்பால் மட்டை, சிலர் தோளில் ரைஃபிள். ஊரில் முழுநேரப் போலீஸ்காரர்கள் ஆறே பேர்.

இப்போது கணக்குப் போடுங்கள். கைக்குழந்தை, கிழவர், படுத்த படுக்கை எல்லாரையும் சேர்த்து 2,800. அதில் 800 பேர் கிளம்பி வந்தார்களா? அந்த 800-இல் பெத்தேல்காரர்கள் எத்தனை பேர்? சொல்லுங்கள்.

குறிஞ்சிவாணன்:
வணக்கம் பொருநையாரே. என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்டதற்கு நன்றி. நான் எழுதியதில் என்ன தப்பு? பதாகை பிடித்த நூறு பேரில் எத்தனை பேர் சின்சினாட்டியிலிருந்து காரேறி வந்தவர்கள்? கூப்பிட்ட ஆள் உள்ளூர் என்றால் வந்தவர்கள் எல்லாரும் உள்ளூர் ஆகிவிடுவார்களா?

அப்புறம், அந்த மாதம் ஓஹாயோவில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. ஊரில் நடந்த என் மச்சினன் கல்யாணத்தை ஜூமில் பார்த்தோம். தாலி கட்டும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாம் அடங்கிக் கிடந்தோம். இவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

வம்பன்73:
நூறு பேர் கூடினால் கொரோனா, 800 பேர் கூடினால் ஊர்ப்பாதுகாப்பு. வைரஸுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் ஆகாது போல.

பொருநைக்கரையான்:
வம்பன் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பத்துப் பேர் உத்தரவில் வழிபாட்டுக்கும் பேச்சுரிமைக் கூட்டங்களுக்கும் விலக்கு இருந்தது. படித்துவிட்டுப் பேசினால் நேரம் மிச்சம். விலக்கு இரண்டு பக்கத்துக்கும்தான், அதனால் நான் அந்த 800 பேரைக் கூடியதற்காகக் குறை சொல்லவில்லை. பதாகையைப் பிடுங்கிக் கிழித்ததற்குச் சொல்கிறேன். பின்னால் வந்து ஒருவர் தலையில் குத்தியதற்குச் சொல்கிறேன். அந்த வீடியோ உலகமெல்லாம் ஓடியது. போலீஸ்காரர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

800-இல் பெத்தேல்காரர்கள் எத்தனை பேர்? பதில் வரவில்லை.

கார்த்திகா_டேட்டன்:
அந்த ஆண்டு நான் இங்கே மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தவள். பெத்தேல் நடந்த மாதத்தில் இந்த மாநிலத்தில் வேறு என்ன நடந்தது என்று யாராவது பார்த்தீர்களா? ஜூன் 1: கொலம்பஸ் நகர மன்றம், இனவெறி ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று தீர்மானம் போட்டது. ஜூன் 9: அதே மாதிரித் தீர்மானத்தை மாநில செனட் குழுவில் விசாரித்தபோது, கறுப்பர்களுக்குக் கொரோனா அதிகமாக வருவது அவர்கள் சரியாகக் கை கழுவாததாலா என்று செனட்டர் ஸ்டீவ் ஹஃப்மன் கேட்டார். அவர் அவசர சிகிச்சை டாக்டர் வேறு. அந்த வேலை உடனே போயிற்று. ஜூன் 11: மாநிலச் சுகாதார இயக்குநர் ஏமி ஆக்டன் ராஜினாமா. அதற்கு முன்பே அவர் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ஜூன் 14: பெத்தேல்.

பஸ் ஓட்டுகிறவர், மளிகைக் கடையில் நிற்கிறவர், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறவர், இவர்களில் எந்த நிறத்தவர் அதிகம் என்று பாருங்கள். அவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. ஃப்ளாய்டுக்கே ஏப்ரலில் கொரோனா தொற்று இருந்தது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. நோயும் அந்த ஒரே அறிக்கையில்தான் இருக்கிறது, போலீஸும் அதிலேயேதான் இருக்கிறது. நீங்கள் என்னடா என்றால் வெளியாள் உள்ளாள் என்று தலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

குறிஞ்சிவாணன்:
கார்த்திகாம்மா சொல்வது முக்கியமான விஷயம். ஆனால் இழை அதைப் பற்றி இல்லை.

பொருநையாருக்கு: கிளெர்மான்ட் கவுண்டியில் இரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். பெத்தேல் அதில் ஒரு ஊர். பட்டேவியாவிலிருந்தும் அமீலியாவிலிருந்தும் நாலு பேர் வந்தால் அவர்கள் வெளியாட்களா? பக்கத்து ஊரில் எழவு என்றால் நாம் போவதில்லையா? அவர்கள் உறவுக்காரர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். வெளியாள் என்றால் வெளியாள்தான்.

பொருநைக்கரையான்:
எழவு வீட்டுக்கு மட்டையோடு போகும் ஊர் எது என்று சொன்னால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பட்டேவியாக்காரர் உறவு, சின்சினாட்டிக்காரர் வெளியாள். அப்படியா? இரண்டும் காரில் அரை மணி, முக்கால் மணி. எந்த மைலில் உறவு முடிகிறது? நான் ஈஸ்ட் ஃபோர்க் ஏரிக்கு மீன் பிடிக்க 125-ஆம் எண் சாலையில் அந்த ஊர் வழியாகத்தான் போவேன். டோனட் கடையில் வண்டியை நிறுத்திக் காபி குடித்திருக்கிறேன். நீங்கள் ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா?

குறிஞ்சிவாணன்:
காபி குடித்தவர் ஊர்ப் பிரமுகர் ஆகிவிட்டார். மாலை போடுங்கப்பா.

யோவான் நாகர்கோவில்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வேதாகமத்திலும் பெத்தேலில் இதே வழக்கு உண்டு. யூதாவிலிருந்து வந்த ஆமோஸைப் பார்த்து, இங்கே பேசாதே, உன் தேசத்துக்கு ஓடிப்போ என்று சொன்னது பெத்தேலின் ஆசாரியன். ஏழாம் அதிகாரம். ஏழைகளை நசுக்குகிறீர்கள் என்று சொன்னதுதான் ஆமோஸ் செய்த குற்றம்.

வம்பன்73:
ஐயா, காணிக்கை எப்போது எடுப்பார்கள்?

பொருநைக்கரையான்:
யோவான் ஐயா அருமையாகச் சொன்னார். வம்பன், ஐயாவிடம் விளையாடாதீர்கள்.

இதைக் கேளுங்கள். இந்தப் பெத்தேலை 1798-இல் அமைத்தவர் ஓபெட் டென்ஹாம். அவரே தெற்கிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர். அதாவது வெளியாள்! ஊருக்கு மனை பிரித்தபோது பாப்டிஸ்ட் சபைக்கு இரண்டு மனை எழுதிவைத்தார். அதற்கு ஒரு நிபந்தனை: அந்தச் சபையார் அடிமை வைத்திருக்கக் கூடாது, அடிமை வைத்திருப்பவர்களோடு நற்கருணையில் உட்காரவும் கூடாது. அடிமை முறையை எதிர்த்து அமெரிக்க செனட்டில் முழங்கிய தாமஸ் மாரிஸ் வாழ்ந்த ஊர் இது. உள்நாட்டுப் போரில் வடக்கை ஜெயிக்க வைத்த தளபதி கிராண்ட் பிறந்ததும் இதே கவுண்டியில்தான். ‘ஊரின் பண்பாட்டைக் காப்பாற்ற வந்தோம்’ என்று அந்த 800 பேர் சொன்னால், எந்தப் பண்பாட்டை? பதாகை பிடித்தவர்கள்தான் டென்ஹாம் எழுதிவைத்த பத்திரப்படி நடந்தவர்கள்.

குறிஞ்சிவாணன்:
1798 பத்திரத்தை வைத்து 2020-இல் சொத்து கேட்கிறார். வக்கீல் ஆகியிருக்கலாம்.

நான் மறுபடியும் கேட்கிறேன். நூறு பேரில் எத்தனை பேர் சின்சினாட்டி? மறுநாள் இன்னும் ஆட்கள் வந்தார்கள், மேயர் இரவு ஊரடங்கு போட வேண்டி வந்தது. ஊர்ச் சனம் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு யார் பொறுப்பு?

பொருநைக்கரையான்:
ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமை அடிதடிக்குப் பிறகு வந்தது. அடித்தவர்கள் யார்? அந்த 800. அதில் பெத்தேல்காரர்கள் எத்தனை பேர்?

திருச்செந்தூர் செல்வம்:
அண்ணன்மாரே, அமெரிக்கா கதை இருக்கட்டும். அதே ஜூன் மாதம், அதே ஊரடங்கு. சாத்தான்குளத்தில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார் என்று அப்பாவைக் கூட்டிப்போனார்கள், கேட்கப் போன மகனும் திரும்பவில்லை. ஜூன் 19-இல் ஸ்டேஷன், 22-இல் மகன் சாவு, 23-இல் அப்பா சாவு. தமிழ்நாடு முழுக்க வணிகர்கள் கடையடைத்தார்கள். எதிரில் மட்டையோடு ஒருவரும் வந்து நிற்கவில்லை. அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் ஏட்டு ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். சின்ன ஊர் என்றால் அது.

குறிஞ்சிவாணன்:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் செல்வம். அங்கே இனப் பிரச்சினை இல்லை.

பொருநைக்கரையான்:
முதல்முறையாக குறிஞ்சிவாணனோடு ஒத்துப்போகலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. செல்வம், சாத்தான்குளத்தில் செத்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கடைக்காரர்கள். ஊரே தன் பிள்ளை என்று எழுந்தது. பெத்தேலில் பதாகை பிடித்தது ஃப்ளாய்டுக்காக; அவர் தூரத்து ஊர், வேறு நிறம். அவருக்காக நிற்பது வேறு விஷயம். உங்கள் ஊரில், ஊர்க் கோடியில் இருக்கிற தெருவில் ஒரு பையன் ஸ்டேஷனில் செத்தால் கடையடைப்பீர்களா?

திருச்செந்தூர் செல்வம்:
என்ன அண்ணே, சட்டென்று எங்கள் ஊர் மேல் பாய்கிறீர்கள்? நீங்கள் மட்டும் ஊரில் இருந்தபோது எத்தனை மறியலுக்குப் போனீர்கள்? எங்கள் தெருவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? வெளியே போய் இருபது வருஷம் ஆச்சு.

வம்பன்73:
ஆக, பொருநையாரே இப்போது வெளியாள். 🍿

கார்த்திகா_டேட்டன்:
நான் எழுதியதை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பொருநைக்கரையான்:
படித்தேன் கார்த்திகா, நன்றாக இருந்தது. ஹஃப்மன் விஷயத்தை நானே எழுதலாம் என்றிருந்தேன்.

செல்வம் தம்பிக்கு: 2001-இல் சின்சினாட்டியில் திமோத்தி தாமஸ் என்ற 19 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டபோது நான் புதிதாக வந்து இறங்கியிருந்தேன். ஓவர்-தி-ரைன் பகுதி எரிந்தது. அப்போதும் தொலைக்காட்சியில் ‘வெளியாட்கள்’ என்றுதான் பேசினார்கள். 1963-இல் பர்மிங்காமில் மார்ட்டின் லூதர் கிங்கை உள்ளூர்ப் போதகர்கள் வெளியாள் என்றார்கள். அவர் ஜெயிலிலிருந்து பதில் கடிதம் எழுதினார். எங்கே கேட்டாலும் இதே பாட்டு. அதனால்தான் கேட்கிறேன், 800-இல்...

குறிஞ்சிவாணன்:
...பெத்தேல்காரர்கள் எத்தனை பேர். எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கணக்கு கேட்பதில் இவ்வளவு ஆர்வம் உள்ளவர், பொருளாளராக இருந்தபோது பொங்கல் விழாக் கணக்கை ஏன் ஆகஸ்ட் வரை இழுத்தார் என்று சங்கத்தில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

பொருநைக்கரையான்:
வந்துவிட்டார் பொங்கலுக்கு! அரங்க வாடகை ரசீதை யார் தொலைத்தது? உங்கள் பெரியப்பா மகன். மின்னஞ்சல் இருக்கிறது, ஒட்டட்டுமா?

நெறியாளர்:
நண்பர்களே, தனிநபர் தாக்குதல் வேண்டாம். சங்கக் கணக்கு இந்த மன்றத்தின் வரம்பில் வராது. தலைப்பில் பேசுங்கள்.

யோவான் நாகர்கோவில்:
ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் கள்ளத் தராசு பற்றியும் வருகிறது.

குறிஞ்சிவாணன்:
நெறியாளர் எப்போதும் அவர் பக்கம்தான். போன தடவை தமிழ்ப் பள்ளி இழையில் என் பதிவை மட்டும் தூக்கினீர்கள். சரி, தலைப்பிலேயே பேசுகிறேன். நூறு பேரில் எத்தனை பேர் சின்சினாட்டி?

பொருநைக்கரையான்:
800-இல் எத்தனை பேர் பெத்தேல் என்று முதலில் கேட்டவன் நான். முதலில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். அப்புறம் மின்னஞ்சல் தேடி எடுத்துவிட்டேன், பிப்ரவரி 3 தேதி போட்டிருக்கிறது. நெறியாளர் அனுமதித்தால் பெயரை மறைத்து ஒட்டுகிறேன்.

வம்பன்73:
ஒட்டுங்கள் அண்ணே. பெத்தேல் எங்கேயும் போய்விடாது.