‘கேப்ஷன்’ தமிழில் என்ன? கையேடு வியாழனன்று அச்சுக்கு

தரமணியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்துவிட்டுச் செய்திப்படத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பயிலரங்கு. கையேட்டில் ‘கேப்ஷன்’ என்ற ஒரு சொல்லில் நிற்கிறோம். வெளிநாட்டுச் செய்தி முகமைக்குப் படம் அனுப்பும்போது இவர்களுக்குக் கேமரா கைகொடுக்கிறது, கீழே ஆங்கிலத்தில் எழுதும் இரண்டு வரி காலை வாருகிறது. ஏ.பி., ராய்ட்டர்ஸ் போன்ற முகமைகளின் முறையில் முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும்: யார், என்ன செய்கிறார், எங்கே, எந்த நாள். அடுத்த வாக்கியம் பின்னணி. போன முறை ஒரு மாணவி காசிமேட்டில் எடுத்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விடியலில் மீன்கூடையின் விளிம்பைப் பிடித்தபடி ஏலக்காரரையே பார்க்கும் ஒரு பாட்டி. கீழே ‘மீன் விற்கும் பெண்’ என்பதன் நேர் ஆங்கிலம் மட்டும். பெயர், நாள், வினைமுற்று எதுவும் இல்லை. ‘படக்குறிப்பு’ என்று சொல்லிக்கொடுத்ததால்தான் வெறும் குறிப்போடு நிறுத்திவிட்டாரோ?

மயிலாப்பூரிலிருந்து:

சொல் நம்மிடமே இருக்கிறது: ‘படக்கொளு’. புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில், துறை எனப்படும் பாடுபொருள் ஒவ்வொன்றுக்கும் முன்னே நின்று பொருளைக் கொண்டு தருவது கொளு. கொள் என்னும் வினையடி. கொள்கை, கொளுத்துதல், கோள் எல்லாம் அதன் கிளைகள். புறநானூற்று 74ஆம் பாட்டின் கீழே இருக்கும் குறிப்பைப் பாருங்கள். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து, ‘தண்ணீர் தா’ என்று கேட்டுப் பெறாது, பின் பெற்றும் உண்ணாமல் துஞ்சியபோது பாடியது. யார், எங்கே, என்ன நிலையில், எல்லாம் வந்துவிட்டது. அந்த வரிகளை மறைத்துவிட்டுப் பாட்டைப் படியுங்கள், பாதிதான் விளங்கும்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

ஐயா, உங்கள் எடுத்துக்காட்டு அருமை, சொல் பொருந்தவில்லை. வெண்பாமாலைக் கொளு துறையின் இலக்கணத்தைச் சொல்வது. 74இன் கீழே இருப்பது வேறு வகை, அதைத் தொகுத்தோர் பின்னால் சேர்த்தனர் என்பாரே பலர். நம் பிள்ளைகளோ எடுத்த கையோடு தாமே எழுத வேண்டியவர்கள். என் வாக்கு ‘படவிளக்கம்’. அப்படியே, கையேட்டில் ‘புகைப்படம்’ என்று இருக்கிறதே, ‘ஒளிப்படம்’ என்று மாற்றுங்கள். ஒளியால் எழுதுவதில் புகைக்கு என்ன வேலை?

சூளைமேட்டிலிருந்து:

ஒளியா புகையா என்று இறங்கினால் வியாழன் போய்விடும், விட்டுவிடுங்கள். நான் நாளிதழில் படம் எடுப்பவன். நாங்கள் எழுதுவது ‘மழைநீரில் தத்தளிக்கும் வாகனங்கள்’, ‘முகாமைப் பார்வையிட்ட அமைச்சர், உடன் ஆட்சியர்’. எச்சத்தில் ஓடி, பெயரில் முடியும். தமிழில் அது அழகு. அதே அச்சில் ஆங்கிலத்தை வார்த்தால் முதல் வாக்கியம் உடைகிறது. அந்தப் பெண்ணுக்கு எந்தச் சொல் கொடுத்திருந்தாலும் இதே கதிதான். ‘பாட்டி பார்க்கிறார்’ என்று முதலில் தமிழிலேயே வினைமுற்றில் முடியும் வாக்கியமாக எழுதவைத்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போகச் சொல்லுங்கள். சொல் ‘கேப்ஷன்’ என்றே இருக்கட்டும். களத்தில் வேறெதுவும் காதில் விழாது.

அண்ணா நகரிலிருந்து:

படக் கோப்புக்குள்ளேயே விவரம் பதிய ஐ.பி.டி.சி. என்றொரு தரமுறை உண்டு; அதில் இதற்கான புலத்துக்குப் பழைய பெயர் ‘கேப்ஷன்’, இப்போது ‘விவரிப்பு’ என்ற பொருளில் மாறியிருக்கிறது. அதனால் ‘படவிவரம்’ என்பேன். பழைய வடிவத்தில் அதன் எல்லை 2000 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; ‘கொ’ போன்ற உயிர்மெய்க்கு 6. தமிழில் எழுதிப் பதிந்தால் சில மென்பொருளில் பாதியில் அறுந்துவிடும். இதையும் கையேட்டில் போடுங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

எனக்கு உறுத்துவது வேறு. ஆங்கிலம்தான் வாசல் என்று ஏன் பிள்ளைகளிடம் சொல்கிறோம்? ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமார் தமிழில் எழுதுகிறார், ஊரகச் செய்திகளுக்கான பாரி இணையதளம் மொழிபெயர்த்து வெளியிடுகிறது. தூய்மைப் பணியாளர்கள் பற்றிய அவர் படங்கள் எங்கெல்லாம் போயின! மொழிபெயர்ப்பது நிறுவனத்தின் வேலையாகவும் இருக்கலாமே.

தரமணியிலிருந்து:

அம்மா, மனதார ஒப்புகிறேன். ஆனால் நெடுங்கட்டுரைக்கு இருக்கும் அவகாசம் அன்றாடச் செய்திக்குக் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே அனுப்ப வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க மாட்டார். பழக்கப்பட்ட நாலைந்து ஆங்கில வாக்கிய வடிவம் கைவசம் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

நேரமாகிவிட்டது. ஆளுக்கொரு சொல் வந்தது; ‘படவிளக்கம்’ என்பதையே போடுகிறோம். முதல் இடத்தில் ‘கேப்ஷன் என்னும் படவிளக்கம்’ என்று வரும். சூளைமேட்டு நண்பர் சொன்ன தமிழ் முற்று வாக்கியப் பயிற்சி தனிப் பக்கமாகச் சேர்கிறது.

மயிலாப்பூரிலிருந்து:

விளக்கம் என்றால் படம் தன்னால் விளங்காதது என்று ஆகிவிடும். நான் உடன்படவில்லை. 74ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பையாவது அந்தப் பயிற்சிப் பக்கத்தில் எடுத்துக்காட்டாகப் போடுங்கள். தட்டச்சு செய்து இன்றிரவே அனுப்புகிறேன்.