என்சைம் இல்லாத கிரெப்ஸ் சுழற்சி: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. உயிர் தோன்றும் முன்பே வளர்சிதை மாற்றம் எப்படித் தொடங்கியிருக்கும் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். 2019-இல் வேதியியலாளர் ஜோசப் மோரன் குழு, பைருவேட், கிளையாக்ஸிலேட் என்ற இரண்டு சிறிய கார்பன் சேர்மங்களை இரும்பு அயனி கலந்த 70 டிகிரி வெந்நீரில் விட்டது. என்சைம் (செல்லில் வினைகளை வேகப்படுத்தும் புரதம்) எதுவும் சேர்க்கவில்லை. செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் வினைத்தொடரான கிரெப்ஸ் சுழற்சியின் 11 இடைப்பொருள்களில் 9 உருவாகிவிட்டன! படித்ததும் அசந்துபோனேன்.

சரி, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதே கலவை, உருவானதை உடைக்கவும் செய்கிறது. அந்த இடைப்பொருள்களில் ஒன்றான ஆக்ஸலோஅசிடேட்டோ நிற்பதே இல்லை. கார்பன் டை ஆக்ஸைடை உதறிவிட்டுப் பைருவேட்டாகிவிடும். பிடித்துவைக்கச் செல் சவ்வும் கிடையாது. அப்படியிருக்க, கட்டுவது உடைப்பதை முந்தியது எப்படி? கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வரும் ஹைட்ரஜன்தான் காரணமா? வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். சமன்பாடு போட்டாலும் சரி, மல்லுக்கட்டிப் பார்க்கிறேன்.